ஓரம் விடாத ஒன்பது படங்கள்

சென்னை விமான நிலையத்தில் என்னைப் பிளம்பர் என்று நினைத்தார்கள். குற்றம் சொல்ல முடியாது. என் தோளில் நாலரை அடி நீளப் பிவிசி குழாய் ஒன்று தொங்கியது. சுங்க அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், கடைசியில் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சுருட்டியிருந்த துணியைக் கண்டதும் "சேலையா?" என்றார். நான் வரைந்த படங்கள் என்றேன். "இவ்ளோ தூரம் இதுக்காகவா வந்தீங்க?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். அந்தக் கேள்வியை அம்மா வீட்டு வாசலிலேயே கேட்டு முடித்துவிட்டார் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

எனக்கு இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்துப் பட்டம் வாங்குகிறவர்கள் எல்லோரும் பள்ளிக்கூட ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பார்கள். எனக்கு நியமனம் வந்தது, நான் போகவில்லை. ஒரு வருடமாக வீட்டுச் சுவரில் துணியை ஆணியடித்து வரைந்துகொண்டிருந்தேன். அதை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, அடையாறில் ஓவியக் கூடம் நடத்தும் வசுமதி மேடம் என்பவர், ஆறு இளம் ஓவியர்கள் சேர்ந்து வைக்கும் கண்காட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். எனக்கு ஒரு சுவர் தருவாராம். இது சரிவந்தால் நான் ஓவியர். சரிவராவிட்டால் கைக்கு வந்த அரசாங்க வேலையை உதறிய பைத்தியம். ஊர் இரண்டாவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

மழையில் ஆட்டோ பிடித்தேன். குழாயின் ஒரு முனை என் மடியில், மறு முனை வெளியே. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, "கொழா வெளிய நீட்டிக்கினு கீது பாருமா. எவன் கண்ணையாவது நோண்டிடப் போவுது" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் "பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை" என்றதும், "கேரளாவா?" என்றார். மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டித் தகரத் தட்டி வைத்து அடைத்திருந்தார்கள். அதற்கு மேல் வண்டி போகாது என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். மீதித் தூரத்தைக் குழாயும் நானும் நனைந்தபடி நடந்தோம்.

தங்கியது சாந்தோம் பக்கம் பிலோமினா ஆன்ட்டி வீட்டு மாடி அறையில். ஓய்வுபெற்ற ஆசிரியை. போர்த்துகீசியர் வந்த காலத்திலிருந்தே தங்கள் குடும்பம் இந்தத் தேவாலயப் பங்கில்தான் இருக்கிறது என்று முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டார். வஞ்சிர மீன் குழம்பும் சோறும் வைத்தார். புளி அதிகம், எங்கள் ஊர்க் குழம்பின் தேங்காய்ப்பால் இல்லை, ஆனாலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். நான் என்ன வேலையை விட்டேன் என்று தெரிந்ததும் அவர் கரண்டி நின்றுவிட்டது. "டீச்சர் வேலையையா விட்டே? கவர்ன்மென்ட் டீச்சர் வேலையையா?" அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் சோற்றோடு இந்தக் கேள்வியும் வந்தது.

படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதும் வரிசைகள். மண்ணெண்ணெய் வரிசை, ஆஸ்பத்திரி கிளினிக் வரிசை, கடவுச்சீட்டு வரிசை, கோயில் அன்னதான வரிசை இப்படி. ஒவ்வொன்றிலும் வலது ஓரத்தில், கடைசி ஆளாக, பாதி உடம்பு தெரிய நிற்பவன் என் அண்ணா. ஆறு வருடத்துக்கு முன் படகில் ஆஸ்திரேலியாவுக்கு என்று போனான். போய்ச் சேர்ந்தான் என்று யாரும் சொல்லவில்லை, சேரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. எந்தக் குடும்பப் படத்திலும் அவன் ஓரத்தில்தான் நிற்பான். அக்காவின் கல்யாணப் படத்தில் அவனுடைய ஒரு தோளும் ஒரு காதும்தான் இருக்கின்றன. அதனால் அவனை அங்கேயே வைத்து வரைந்தேன். என் படம் வரைதலை ஒருநாளும் மெச்சாத அம்மா, ஒவ்வொரு துணியும் முடிந்ததும் வந்து அந்த ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அடையாறு போனேன். குழாயோடு ஏறியதற்கு நடத்துனரிடம் ஒரு பாட்டு வாங்கினேன். வசுமதி மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும், குரலில் எப்போதும் அவசரம். தரையில் படங்களை விரித்ததும் அவசரம் நின்றது. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். "போட்டோல பாத்ததைவிட நேர்ல ரொம்ப நன்னா இருக்கும்மா" என்றார். இதை நான் ஒரு வருடமாகக் கேட்கக் காத்திருந்தேன். பிறகு அவர், "வெள்ளிக்கிழமை திறப்பு. சிந்தாதிரிப்பேட்டையில ரஃபீக்னு ஒருத்தர், எங்க படமெல்லாம் அவர்தான் சட்டத்துல இழுத்து அடிச்சுத் தருவார். இன்னிக்கே கொண்டு போ" என்று முகவரியை எழுதிக் கொடுத்தார்.

பறக்கும் ரயிலில் போனேன். நிலையங்கள் பெரிய பெரிய மண்டபங்கள், ஆட்களைத்தான் காணோம். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் அதற்கு நேர்மாறு. கூவம் நாற்றமும் மரத்தூள் வாசனையும் கலந்து வந்தன. அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யாருடைய கடைக்குள்ளாவது ஏறி நிற்கவேண்டும். ரஃபீக் பாயும் அவர் தம்பியும் உள்ளே வேலையாக இருந்தார்கள். பாய் முதல் துணியை மேசையில் விரித்து, நான்கு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"இன்னாமா இது? ஓரமே வுடலையே. எத்த புடிச்சி இஸ்து ஆணி அடிக்கிறது?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. சட்டத்தில் அடிக்கும் துணிக்கு நாலு பக்கமும் மூன்று அங்குலம் வெறுமையாக விடவேண்டும். அந்த வெற்றுத் துணிதான் மரத்தைச் சுற்றிப் பின்னால் மடிந்து ஆணியில் நிற்கும். உலகத்தில் துணியில் வரைகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஹார்ட்போர்டில் வரைந்தோம். துணிக்கு நானாகத்தான் மாறினேன், சுவரில் அடித்துத்தான் வரைந்தேன். நல்ல துணி கிடைப்பதே அரிது என்பதால் ஒரு நூல்கூட வீணாக்காமல் கரை முட்ட வரைந்து வைத்திருந்தேன். அந்தச் சிக்கனத்தில் எனக்குப் பெருமை வேறு.

தம்பிக்காரர் உருதுவில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். பாய் சங்கடப்பட்டார். "இவ்ளோ நல்லா வரைஞ்ச பொண்ணுக்கு இது தெரியலையான்னு கேக்கறான். வுடு." உருது தெரியாதது நல்லதாகத்தான் இருந்தது, நானே கேட்டுக் கெடுத்துக்கொண்டேன்.

மடித்தால் நாலு பக்கமும் மூன்று அங்குலம் பின்னால் போய்விடும். மேலே வானம், கீழே மண், இடது பக்கம் சுவர், போனால் போகட்டும். வலது பக்கம் அண்ணா. பலகையில் ஒட்ட முடியாதா என்று கேட்டேன். "ஒட்டலாம். ஆனா இந்த மழைல காயாது, உப்பிக்கும். வெள்ளிக்கெழமைக்குள்ள ஆவாது." வசுமதி மேடத்தை அழைத்து, சட்டமில்லாமல் அப்படியே சுவரில் மாட்டலாமா என்றேன்.

"மத்த அஞ்சு பேரோடதும் சட்டத்துல இருக்கு. உன்னோடது மட்டும் தோய்ச்சு உலர்த்தின மாதிரி தொங்கப்படாதும்மா. மடிக்கச் சொல்லு. ஓரத்துல என்ன பெரிசா இருக்கு? யாரோ ஒருத்தர் பாதி நிக்கறார், அவ்வளவுதானே."

அது என் அண்ணா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அவசரக் குரல் உடனே இளகும், எங்களைப் பற்றி இங்கே எல்லோரிடமும் தயாராக இருக்கும் இரக்கம் வரும், அந்த இரக்கத்தில் எனக்கு ஒரு சுவர் கிடைக்கும். எனக்கு அப்படி வேண்டாம் என்று வீம்பு. "ஒரு நாள் தாங்கோ மேடம்" என்று மட்டும் கேட்டேன்.

புதன்கிழமை தி. நகர். என் யோசனை சுலபமானது. படத்தின் நாலு பக்கமும் வேறு துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டால் அந்தத் துணியில் ஆணி அடிக்கலாம். ரங்கநாதன் தெருவில் மனிதர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கிற இடத்தில்தான் நான் கடை பார்க்க முடிந்தது. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவில் ஒருநாள் இப்படி இருக்கும், இங்கே சாதாரண புதன்கிழமை. கெட்டித் துணி வாங்கினேன். பக்கத்துச் சந்தில் பள்ளிக்கூடப் பை தைக்கிற ஒரு அம்மாவைக் கண்டுபிடித்தேன். பைகளுக்கிடையில் குந்தி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கை கழுவிவிட்டு வந்து படத்தைப் பார்த்தார்.

"இது மேலயா தைக்கணும்? பெயின்ட்டு ஒடைஞ்சா என்னை கேக்கக் கூடாது."

கேட்கமாட்டேன் என்றேன். மண்ணெண்ணெய் வரிசையைக் கொடுத்தேன், ஒன்பதில் எனக்குக் குறைவாகப் பிடித்தது அதுதான். வலது பக்கம் மிஷினில் ஓடியபோது ஊசி அண்ணாவின் தோளில் ஒரு வரிசை ஓட்டை போட்டுக்கொண்டே போனது. பார்க்க முடியாமல் தெருவைப் பார்த்தேன். எதிர்க் கடையில் ஒருவர் நைட்டியை உதறி உதறி விலை கூவிக்கொண்டிருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு நேராகச் சிந்தாதிரிப்பேட்டை ஓடினேன். ரஃபீக் பாய் சட்டத்தில் வைத்து, குறடால் துணியைப் பிடித்து இழுத்தார். தபால்தலை கிழிவதுபோல் தையல் ஓட்டைகளின் வழியே மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. தம்பிக்காரர் வெளியே போய் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் அழுதுகொண்டே பிஸ்கட் தின்றேன். பசி அப்படி.

வியாழக்கிழமை காலை மீதி எட்டையும் கொண்டு போனேன். இரவெல்லாம் யோசித்து முடிவு எடுத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது மடித்துவிடுவது என்ற முடிவு தயாராக இருந்தது, ஊருக்குத் தோற்றுத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. பிலோமினா ஆன்ட்டி மாதாவிடம் எனக்காகக் கேட்டிருப்பதாகச் சொல்லி இடியாப்பம் வைத்தார். சொதி இல்லாமல் சீனியோடு சாப்பிட்டேன்.

பாய் மூன்று பக்கம் அடித்து முடித்துவிட்டு, வலது பக்கத்தை இழுக்கும்முன் நிமிர்ந்தார். மற்ற துணிகளைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் ஒரே ஆளு கீறாரே. யாருமா?"

சென்னையில் அதைக் கவனித்த முதல் ஆள் அவர்தான். "அண்ணா" என்றேன்.

"ஊர்ல கீறாரா?"

"இல்லை பாய்."

குறடு துணியைப் பிடித்தபடி இருந்தது. தம்பிக்காரரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அடிக்கட்டுமா?"

"அடியுங்கோ" என்றேன். எட்டுத் தரம் கேட்டார், எட்டுத் தரமும் சொன்னேன். மூலையில் மிஞ்சும் துணியை வழக்கமாக வெட்டிவிடுவார்களாம். இவர் வெட்டாமல், மெத்தை உறைபோல மடித்து மடித்து உள்ளே செருகினார். அடிப்பூச்சுக்கு நான் மலிவான சுவர்ப் பூச்சைப் பயன்படுத்தியிருந்தேன், மடிப்பில் அது மெல்லிய சத்தத்தோடு வெடித்தது. என் கையெழுத்தும் அந்த மூலையோடு பின்னால் போய்விட்டதால், மண்ணில் இடமில்லாமல், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் செருப்பின் மேல் மறுபடி கையெழுத்துப் போட்டேன். அவமானமாக இருந்தது.

வெள்ளி மாலை திறப்பு. விளக்கு போட்ட வெள்ளைச் சுவரில் என் எட்டு வரிசைகளும் இறுக்கமாக நின்றன. குட்டிச் சமோசாவும் காபியும் கொடுத்தார்கள், எங்கள் ஊரென்றால் ரோல்ஸ் இருந்திருக்கும். கதர் ஜிப்பா போட்ட ஒருவர் என் படங்களின் முன்னால் வெகுநேரம் நின்றார். "வரிசையோட கடைசி தெரியவே இல்லை பாருங்க. படத்துக்கு வெளியிலயும் போயிண்டே இருக்குன்னு தோணறது. அதான் பயமா இருக்கு. எப்படி யோசிச்சீங்க?" என்றார். ஆணி யோசித்தது என்று சொல்லாமல் சிரித்துவைத்தேன். அவர் போனபின் நானும் தள்ளி நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. அண்ணா நின்றபோது வரிசை அவனோடு முடிந்தது. இப்போது முடியவில்லை. படங்கள் முன்பைவிட நன்றாக இருந்தன. படித்தவள் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிந்தது, தெரிந்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று படங்கள் விற்றன. வசுமதி மேடம் என் தோளைத் தட்டி, இதே வரிசையில் இன்னும் ஆறு வேண்டும், அடுத்த வருடம் எனக்கு மட்டும் தனிக் கண்காட்சி என்றார். "இந்த தடவை ஓரம் விட்டு வரைஞ்சுடு." ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் கரண்டியோடு என்னைக் கட்டிப்பிடித்து, "அப்போ லீவு போட்டுட்டு டீச்சரா இருந்துக்கிட்டே வரையலாமே" என்றார்.

கண்காட்சிப் படங்களை நான் அம்மாவுக்கு அனுப்பவில்லை. மாமா மகன் வசுமதி மேடத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பார்த்துக் காட்டிவிட்டான். திங்கள் காலை, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார்.

"பிள்ளை, சாப்பிட்டனியே?"

"ஓம் அம்மா."

"படமெல்லாம் பாத்தன். நல்லா இருக்கு. அவன் எங்கை?"

"மடிச்சுப்போட்டன் அம்மா. சட்டத்தில அடிக்கேக்கை அந்தப் பக்கம் பின்னுக்குப் போட்டுது."

"வெட்டேல்லைத்தானே?"

"இல்லை. ஆணியைக் கழட்டினா அப்பிடியே இருப்பான்."

"அப்ப கழட்டிக்கொண்டு வா."

"மூண்டு வித்துப்போட்டன் அம்மா."

அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"ஆர் வாங்கினது? அட்ரஸ் வாங்கி வைச்சிருக்கிறியே?"

இல்லை, இப்போது போய் வாங்கி வருகிறேன் என்றேன்.

அடையாறில் வசுமதி மேடம் மற்றவர்களின் படங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். வாங்கியவர்களின் முகவரி வேண்டும் என்றதும் கை நின்றது. "அது மட்டும் கேக்காதேம்மா. எந்த கேலரியிலயும் ஆர்ட்டிஸ்டுக்குக் கொடுக்கற வழக்கம் கிடையாது. கொடுத்தா அடுத்த படத்தை நேரா அவா ஆத்துக்கே கொண்டு போயிடறா."

"விக்கிறதுக்கு இல்லை மேடம்."

"பின்ன எதுக்கு?"

மேசைமேல் ஒரு தாள் இருந்தது. புது ஆறு படங்களின் அளவுகள், பக்கத்தில் என் பெயர். என் பெயருக்கு நேரே அப்படி எதுவும் இதுவரை யாரும் எழுதியதில்லை. அவர் முகத்தில் சந்தேகம் வந்திருந்தது, வளர்த்தால் வளரும். அண்ணாவைப் பற்றிச் சொன்னால் நம்புவாரோ, முகவரிக்காகக் கதை கட்டுகிறாள் என்று நினைப்பாரோ தெரியவில்லை.

"சும்மாதான் மேடம்" என்றேன்.

மீதி ஐந்தும் இங்கேயே இருக்கட்டும், யாராவது கேட்பார்கள் என்றார். சரி என்றேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அம்மாவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கேட்டிருக்கிறன் அம்மா. தருவினமாம்."

"எப்ப?"

"கொஞ்ச நாள் செல்லுமாம்."

"சரி பிள்ளை" என்றார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அண்ணாவைப் படகில் ஏற்றிவிட்ட ஏஜென்டும் ஆறு வருடமாக அம்மாவிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.